பீடிப் புகையும் ஆஸ்பத்திரி வரிசையும்

(ஜூஜுவாடியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இரவு ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்கக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் பலர். பூந்தோட்டத்திலும் தக்காளித் தோட்டத்திலும் கூலி வேலை முடித்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கூலி, போனஸ், வேலை நிரந்தரம் இவற்றைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் இவன் பீடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே, இவன் என்ன மடத்து உபதேசியா என்று சில தோழர்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. நான் உபதேசி அல்ல. 22 வருஷம் பீடி குடித்தவன். ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்குக் குறையாது. தீப்பெட்டி இல்லாவிட்டால் வெல்டிங் பொறியில் பற்றவைத்தவன். (சிரிப்பு) ஆகவே, குடிக்கிறவனைக் கேவலமாக நினைத்துப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. அந்த எண்ணமும் இல்லை. இது ஒழுக்கப் பிரச்னை அல்ல. நம் உழைப்பு, நம் கூலி, நம் நுரையீரல் சம்பந்தப்பட்ட பிரச்னை.

இந்தச் சாலையைப் பாருங்கள். நாம் உட்கார்ந்திருக்கிற இடம் தமிழ்நாட்டின் கடைசி ஊர். செக்போஸ்டைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். இதே சாலை நேரே பெங்களூருக்குள் போகிறது. அங்கே அதற்கு ஓசூர் ரோடு என்று நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த ஓசூர் ரோட்டில் அடுத்தடுத்து என்ன இருக்கிறது தெரியுமா? கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ராஜீவ் காந்தி மார்புநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஓசூரிலிருந்தும் தளியிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் வாயில் புண், தொண்டையில் கட்டி, நெஞ்சில் இரைப்பு என்று பஸ் ஏறுகிறவர்கள் கடைசியில் போய் இறங்கும் இடங்களில் அவையும் சேர்ந்தவை. அதே சாலையில் எதிர்த் திசையில் என்ன வருகிறது? சிகரெட் வருகிறது. தமிழ்நாட்டில் 2013 முதல் தடை செய்யப்பட்ட குட்காவும் காய்கறி மூட்டைக்கு அடியில், வைக்கோலுக்கு அடியில் ஒளிந்து வருகிறது. அடிக்கடி பிடிக்கிறார்கள், பத்திரிகையில் போட்டோ வருகிறது, மறுநாள் கடையில் சரக்கு இருக்கிறது. வடக்கேயிருந்து பொட்டலம் வருகிறது. தெற்கேயிருந்து நோயாளி போகிறான். ஜூஜுவாடி செக்போஸ்டு இரண்டையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஒரு தோழரின் கால்

என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறேன். பெயர் வேண்டாம், குடும்பம் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. நாற்பது வயது ஆகவில்லை. நல்ல உழைப்பாளி. ஒருநாள் நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்றார். நின்றால் வலி போய்விடுகிறது, நடந்தால் மறுபடி வருகிறது. "நாள் முழுக்க நிக்கறமே, அதான்" என்றேன் நான். நானும் அவரும் உட்கார்ந்து ஆளுக்கொரு பீடி பற்றவைத்துக்கொண்டோம். அப்போது எனக்கு அவ்வளவுதான் அறிவு.

ஆறு மாதத்தில் சுண்டுவிரல் கறுத்தது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை? ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போய்விடும். கான்ட்ராக்டர் அடுத்த நாள் வேறு ஆளை நிறுத்திவிடுவான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது விரலை எடுத்தார்கள். பிறகு பாதி பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதும். டாக்டர் அவரிடம் சொன்னது ஒரே வார்த்தை: "பீடியை விட்டால் மற்ற கால் மிஞ்சும்." புகையிலையால் கை கால்களுக்குப் போகும் சிறிய ரத்தக் குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்கின்றன. ரத்தம் போகாத சதை அழுகுகிறது. புர்கர் நோய் என்று இதற்குப் பெயர். பெரும்பாலும் பீடி, சிகரெட் குடிக்கிற ஆண்களுக்கு, அதுவும் உழைக்கிற வயதில் வருகிறது. மருந்தைவிட முக்கியம் புகையை அறவே நிறுத்துவது. நிறுத்தாவிட்டால் எந்த மருந்தும் அந்தக் காலைக் காப்பாற்றாது.

அந்தத் தோழர் வார்டு வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, கட்டுப்போட்ட காலோடு, என்னிடமே ஒரு பீடி கேட்டார். நான் கொடுத்தேன். வெட்கத்தோடுதான் சொல்லுகிறேன். அவருடைய மனைவி அதைப் பார்த்தார். அந்த அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று சாயந்திரம் நான் பீடியை விட்டேன் என்று சொன்னால் அது கதை. விடுவதற்கு எனக்கு இன்னும் ஏழு மாதம் பிடித்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

கணக்கைப் பார்ப்போம்

தோழர்கள் கேட்கலாம்: எங்கோ ஒருவருக்குக் கால் போயிற்று, அதற்காக ஊரையே பயமுறுத்துவதா? எங்கள் தாத்தா 80 வயது வரை சுருட்டுக் குடித்தாரே? அந்தத் தாத்தாவை நமக்குத் தெரியும், ஏனென்றால் அவர் உயிரோடு இருந்தார். 45 வயதில் செத்த தாத்தாக்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

ஆதாரம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை, நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் சென்னை நகரத்திலும், விழுப்புரம் ஜில்லாக் கிராமங்களிலும் செத்துப்போன 43,000 ஆண்களின் வீடுகளுக்கு ஆட்கள் போய், அவர் என்ன நோயில் செத்தார், புகை குடிப்பாரா என்று விசாரித்தார்கள். உயிரோடு இருக்கும் 35,000 ஆண்களையும் விசாரித்து ஒப்பிட்டார்கள். சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும், இங்கிலாந்து விஞ்ஞானி ரிச்சர்ட் பீட்டோ முதலானவர்களும் சேர்ந்து செய்த இந்த ஆராய்ச்சி 2003-இல் வெளிவந்தது. முடிவு என்ன? புகை குடிக்கிறவன் காசநோயில் சாகிற அபாயம், குடிக்காதவனைவிட 4 மடங்கு! இந்தியாவில் ஆண்களிடையே நடக்கும் காசநோய்ச் சாவில் பாதிக்குப் புகைதான் காரணம் என்று கணக்கிட்டார்கள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்கார நாட்டில் புகை என்றால் புற்றுநோய் என்பார்கள். நம் நாட்டில் புகை முதலில் கொண்டுவருவது காசநோயை. காரணம், காசநோய்க் கிருமி நம்மில் கோடிக்கணக்கானவர்களின் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. வயிறாரச் சாப்பிட்டு, காற்றோட்டமான வீட்டில் இருக்கிறவனிடம் பெரும்பாலும் அது தூங்கியபடியே கிடக்கும். புகை நுரையீரலின் காவலைக் கலைக்கிறது; தூங்குகிற கிருமி விழித்துக்கொள்கிறது. இங்கே லைன் வீடுகளில் ஒரு அறைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் படுக்கிறோம். ஷிப்டு மாறும்போது ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் படுக்கிறான். ஜன்னல் இருக்காது, இருந்தாலும் கொசுவுக்குப் பயந்து மூடியிருக்கும். அந்த அறையில் மூன்று பேர் பீடி குடிக்கிறார்கள், ஒருவன் இருமுகிறான். அந்த இருமலை அவன் மறைக்கிறான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தம்பிகளுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். நோய் தெரிந்தால் வேலை போய்விடும், அறையும் போய்விடும். நம் நாக்கில் பேச ஆள் இல்லாத ஊரில் எங்கே போவது?

அடுத்து 2008-இல் வந்த கணக்கு. நாடு பூராவும் 11 லட்சம் வீடுகளில் விசாரித்தது. பேராசிரியர் பிரபாத் ஜாவும் மற்றவர்களும் நடத்தியது. பீடி குடிக்கிற ஆணுக்குச் சராசரியாக 6 வருஷ ஆயுள் குறைகிறது. சிகரெட் குடிக்கிறவனுக்கு 10 வருஷம். பீடி குடிக்கிற பெண்ணுக்குச் சுமார் 8 வருஷம். 30 வயதுக்கும் 69 வயதுக்கும் நடுவில் சாகிற ஆண்களில் ஐந்தில் ஒருவன் புகையால் சாகிறான்.

"பீடி இலைதானே, இயற்கைப் பொருள், சிகரெட்டைப்போல ரசாயனம் இல்லையே" என்பார்கள். ஆயுள் 6 வருஷம்தானே குறைகிறது, 10 இல்லையே என்று லாபக் கணக்குப் போடுகிறவர்களும் உண்டு! (சிரிப்பு) பீடிக்குள் இருக்கும் தூள் சிகரெட்டில் இருப்பதில் கால் பங்குதான், அது வாஸ்தவம். ஆனால் பீடி அணைந்து அணைந்து போகும். அணையாமல் இருக்க ஓயாமல் இழுக்க வேண்டும், ஆழமாக இழுக்க வேண்டும். ஆகவே சிகரெட்டில் வருகிற அளவுக்கும், சில சமயம் அதைவிட அதிகமாகவும், தாரும் நிகோடினும் கரியமில விஷ வாயுவும் உள்ளே போகின்றன. இலை பச்சையாக இருந்ததா, காகிதம் வெள்ளையாக இருந்ததா என்று நுரையீரல் பார்ப்பதில்லை.

யார் கொடுக்கிறார்கள், யார் எடுக்கிறார்கள்?

2016-17-இல் சர்க்கார் எடுத்த கணக்குப்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 26 கோடியே 70 லட்சம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை உபயோகித்தார்கள். தமிழ்நாட்டில் 100-க்கு 20 பேர். கர்நாடகத்தில் 100-க்கு கிட்டத்தட்ட 23 பேர். இந்தப் புகையிலை 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உண்டாக்கிய நோயாலும் சாவாலும் 2017-18 ஒரே வருஷத்தில் நாட்டுக்கு ஏற்பட்ட நஷ்டம் 1,77,341 கோடி ரூபாய் என்று பொருளாதார நிபுணர்கள் கணக்கிட்டார்கள். இதில் 100-க்கு 22 பங்கு நேரடி வைத்தியச் செலவு. பாக்கி 78 பங்கு, வேலைக்குப் போக முடியாமல் போன நாள்கள், அகாலத்தில் செத்ததால் இல்லாமல் போன உழைப்பு.

முதலாளிப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன? புகையிலைதான் கஜானாவுக்கு வருமானம் தருகிறது, அது நின்றால் சர்க்கார் எப்படி நடக்கும் என்று. அதே கணக்கைப் பாருங்கள்: புகையிலையிலிருந்து கலால் வரியாக 100 ரூபாய் வந்தால், சமூகம் இழப்பது 816 ரூபாய். எட்டு மடங்கு! இப்படி ஒரு வியாபாரத்தை ஒரு பெட்டிக்கடைக்காரன்கூடச் செய்யமாட்டான். ஆனால் சர்க்கார் செய்கிறது. ஏன்? லாபம் எடுக்கிறவன் வேறு, நஷ்டத்தைச் சுமக்கிறவன் வேறு. லாபம் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு. நஷ்டம் ஆஸ்பத்திரி வரிசைக்கு.

இன்னொரு விஷயம் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். 1910-இல் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் கல்கத்தாவில் ஆரம்பித்த வெள்ளைக்காரச் சிகரெட் கம்பெனிதான் இன்று ஐ.டி.சி. அதில் சுமார் 15 சதவீதப் பங்கு எல்.ஐ.சி. கையில் இருக்கிறது. எல்.ஐ.சி. பணம் யாருடையது? நீங்களும் நானும் பிள்ளைகளுக்காக மாதாமாதம் கட்டுகிற பிரீமியம். நம் ஆயுளுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கிற ஸ்தாபனம், ஆயுளைக் குறைக்கிற கம்பெனியில் பங்கு வைத்திருக்கிறது! எல்.ஐ.சி.யைத் தனியாருக்கு விற்கக்கூடாது என்று நாம் சொல்லுவது முற்றிலும் சரி. பொதுத்துறைதான், நம்முடையதுதான், அதனால்தான் அதன் பணம் எங்கே போகிறது என்று கேட்கிற உரிமையும் நமக்கு இருக்கிறது என்கிறேன்.

அமெரிக்காவில் என்ன நடந்தது? சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் இங்கிலாந்து டாக்டர்கள் டாலும் ஹில்லும் எடுத்துக் காட்டினார்கள். 1954 ஜனவரியில் அமெரிக்கச் சிகரெட் முதலாளிகளில் பெரும்பாலோர் ஒன்றுகூடிப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள்: எங்கள் சரக்கு கெடுதல் என்று நிரூபணம் ஆகவில்லை, மக்கள் நலமே எங்கள் கவலை என்று. அரை நூற்றாண்டு இந்தப் புளுகு நடந்தது. 2006-இல் வாஷிங்டன் கோர்ட்டில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், இந்தக் கம்பெனிகள் கூட்டாகச் சேர்ந்து மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பெழுதினார். அதற்கு முன்பே, 1998-இல், எங்கள் ஏழை ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்த செலவை நீ கொடு என்று வழக்குப் போட்ட 46 மாகாண சர்க்கார்களுக்கு 25 வருஷத்தில் சுமார் 20,600 கோடி டாலர் கொடுக்க அந்தக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. கனடாவில் 2025 மார்ச்சில் 3,250 கோடி டாலர் சமரசத்துக்குக் கோர்ட்டு சம்மதம் கொடுத்தது. முதலாளித்துவ நாடுகளே ஆஸ்பத்திரிப் பில்லைக் கம்பெனியிடம் நீட்டியிருக்கின்றன! நம் நாட்டில் அந்தப் பில் இன்னும் நோயாளியின் பெண்டாட்டி காதுக் கம்மலிடம்தான் நீட்டப்படுகிறது.

"நீ பீடி குடித்தாய், அதனால்தான்"

இப்போது ஆலைத் தோழர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய இடம். கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரியிலும் கிரானைட் பாலீஷ் பட்டறையிலும் வேலை செய்கிறவனுக்குக் கல்தூசு நுரையீரலில் படிகிறது, சிலிகோசிஸ் வருகிறது. பஞ்சாலையில் பஞ்சுத் தூசால் நெஞ்சடைப்பு, பிஸினோசிஸ் என்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் சமாசாரமும் இப்படியே. இவை எல்லாம் சட்டம் ஒப்புக்கொண்ட தொழில்நோய்கள். நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு. ஆனால் தொழிலாளி இருமிக்கொண்டு போய் நின்றால் நிர்வாகம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "பீடி குடிப்பியா?" குடிப்பேன் என்றால் முடிந்தது. "உன் நோய்க்கு உன் பீடிதான் காரணம், போ!"

விஞ்ஞானம் சொல்லுவது வேறு. அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களைப் பல வருஷம் பரிசோதித்த டாக்டர் செலிகாஃப் குழுவினர் 1979-இல் கணக்கு வெளியிட்டார்கள். இரண்டும் இல்லாத ஒருவனோடு ஒப்பிட்டால், ஆஸ்பெஸ்டாஸ் தூசு மட்டும் என்றால் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு சுமார் 5 மடங்கு. சிகரெட் மட்டும் என்றால் சுமார் 10 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 15 அல்ல தோழர்களே, 50 மடங்குக்கு மேல்! தூசும் புகையும் கூட்டல் கணக்கில் வருவதில்லை, பெருக்கல் கணக்கில் வருகின்றன. ஆகவே பீடி குடிக்கிற தொழிலாளியைத் தூசில் நிறுத்துகிற முதலாளியின் பொறுப்பு குறையவில்லை, கூடுகிறது. தூசு உறிஞ்சும் யந்திரம் ஏன் வைக்கவில்லை, தண்ணீர் தெளித்து ஏன் அறுக்கவில்லை, ஏன் வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கவில்லை? இந்தக் கேள்விகளுக்குப் பீடி பதில் ஆகாது. அதே சமயம், நம் பாக்கெட்டில் இருக்கிற கட்டு நம் எதிராளியின் வக்கீலுக்குக் கொடுக்கிற சாட்சியாக இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

இ.எஸ்.ஐ. விஷயம் பாதித் தோழர்களுக்குத் தெரிவதில்லை. சாதாரண நோய் என்றால் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்கள் என்றால் 80 சதவீதக் கூலி 2 வருஷம் வரை கிடைக்க வழி உண்டு. ஆனால் 2 வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து சந்தா கட்டியிருக்க வேண்டும். கான்ட்ராக்டு தொழிலாளியை 11 மாதத்துக்கு ஒரு தடவை ரிஜிஸ்டரில் பெயர் அடித்து, புது ஆளாகச் சேர்க்கிறார்களே, அது எதற்கு என்று இப்போது புரிகிறதா? பிடித்தம் செய்த சீட்டு, இ.எஸ்.ஐ. நம்பர் இரண்டையும் ஒவ்வொருவரும் பத்திரமாக வைத்திருங்கள். நான் சொன்ன தோழருக்கு அது இல்லாமல்தான் போயிற்று.

பீடி ஏன் கைக்கு வந்தது?

இதை யாரும் பேசுவதில்லை. எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் யந்திரத்தோடு நிற்கிறவனுக்கு இளைப்பாற என்ன காரணம் சொல்ல முடியும்? "கொஞ்சம் உக்காந்துட்டு வரேண்ணே" என்றால் சூபர்வைசர் விடமாட்டான். "ஒரு பீடி குடிச்சிட்டு வரேண்ணே" என்றால் விடுவான். நான் பீடி பழகியது அப்படித்தான். குடிக்காத பையன் மெஷினிலேயே நின்றான். குடிக்கிற நான் ஐந்து நிமிஷம் நிழலில் உட்கார்ந்தேன். வயலிலும் இதே கதை. அறுவடைக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிற பண்ணையார், ஆளுக்கு ஒரு கட்டு பீடி, வெற்றிலை புகையிலை என்றால் தாராளமாகக் கொடுப்பார். பசி மந்தமாகும், களை எடுக்கிற கை நிற்காது. மத்தியானக் கஞ்சிக்கு ஆகிற செலவைவிட அது மலிவு.

ராத்திரி லாரி ஓட்டுகிறவனுக்குத் தூக்கத்தை விரட்ட, பீகார் தம்பிக்கு ஊர் ஞாபகத்தை விரட்ட உள்ளங்கையில் தேய்க்கிற கைனி. ஆகவே "பீடியை விடு" என்று மட்டும் சொன்னால் போதாது. ஷிப்டு நடுவே உட்கார்ந்து டீ குடிக்க நேரம் வேண்டும். அது பீடிக்காரனுக்கும் பீடி குடிக்காதவனுக்கும் ஒரே நேரமாக வேண்டும். இளைப்பாறும் அறை வேண்டும், அதில் புகை கூடாது. இந்தக் கோரிக்கையைக் கூலி உயர்வு மனுவோடு சேர்த்து எழுத வேண்டும் என்று என் யோசனை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பீடி குடிப்பதில்லை. ஆனாலும் உங்களில் பலருக்கு இரைப்பு இருக்கிறது. விறகடுப்பிலும் சோளத்தட்டையிலும் களி கிண்டுகிற புகை அதே நுரையீரல் அடைப்பு நோயைக் கொண்டுவருகிறது. அதோடு புருஷன் வீட்டுக்குள் குடிக்கிற பீடியும் சேர்ந்தால், பாயில் படுத்திருக்கிற குழந்தைக்கு மாதம் ஒரு தடவை சளிக் காய்ச்சல். குறைந்தபட்சம் வீட்டுக்குள் பீடி கிடையாது என்று வாசலில் நிறுத்திவிடுங்கள். அந்த அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

பீடி சுற்றுகிற சகோதரிகள்

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "பீடியை எதிர்த்தால் பீடித் தொழிலாளி எங்கே போவாள்?" நல்ல கேள்வி. திருநெல்வேலி, தென்காசி, குடியாத்தம், வேலூர்ப் பக்கங்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற லட்சக்கணக்கான பெண்கள் நமக்கு எதிரி அல்ல. அவர்கள் மூக்கிலும் அதே தூள்தான் ஏறுகிறது. ஆனால் அவர்கள் பெயரைச் சொல்லி யார் லாபம் அடைகிறார்கள் என்று பாருங்கள். 1976-இல் அவர்களுக்கென்று நலநிதிச் சட்டம் வந்தது. பீடி மீது வசூலிக்கும் தீர்வையிலிருந்து ஆஸ்பத்திரி, வீடு, பிள்ளைகள் படிப்பு. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பீடி வரியை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவெடுத்தது. காரணம் கேட்டால் தொழிலாளி நலம்! வரி குறைந்ததால் ஆயிரம் பீடிக்குச் சுற்றுகூலி தானாக ஏறிவிடாது.

கண்ணூரைப் பாருங்கள். 1966-இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்து, அதை அமல் செய்யச் சொன்னபோது, மங்களூர் முதலாளிகள் கேரளத்துக் கம்பெனிகளை மூடிவிட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். 1969-இல் அவர்களே சேர்ந்து கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவை ஆரம்பித்தார்கள். ஒருவர் உரக்கப் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவது கண்ணூர்ப் பீடிக் கடைகளின் வழக்கம்; அரசியல் ஞானத்தில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. பீடி விற்பனை சரியத் தொடங்கியதும் அந்தச் சங்கம் என்ன செய்தது? உணவுப் பொருள், குடை, இப்படி வேறு வேறு உற்பத்தியில் இறங்கியது. எல்லாருக்கும் வேலை காப்பாற்றப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன்; ஆள் குறைந்துதான் போயிற்று. ஆனால் வழி என்று ஒன்று உண்டு என்று காட்டினார்கள். இந்தியா 2004-இல் கையெழுத்தை உறுதி செய்த உலகப் புகையிலை ஒப்பந்தத்திலேயே, இந்தத் தொழிலாளர்களுக்கு மாற்று ஜீவனத்துக்கு வழி செய்ய வேண்டும் என்று ஷரத்து இருக்கிறது. சர்க்கார் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிறு செய்தி. உலகத்துக்கே சுருட்டு சப்ளை செய்கிற நாடு கியூபா. பிடல் காஸ்ட்ரோவைச் சுருட்டு இல்லாமல் போட்டோவில் பார்த்தவர்கள் குறைவு. அவர் 1985-இல் சுருட்டை விட்டார், நாட்டின் சுகாதார இயக்கத்துக்கு முன்மாதிரியாக. 1988-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்காக அவருக்குப் பதக்கம் கொடுத்தது. ஏற்றுமதி நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

விடுவது எப்படி?

எனக்கு மூன்று தடவை தோற்றது. முதல் மூன்று நாள்தான் நரகம். தலைவலி, எரிச்சல், வீட்டில் பாத்திரம் பறக்கும். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பின் கேட்பு அடங்கிவிடும். பிறகு மனசின் கேட்புதான். தனியாக விட முடியவில்லை. நான்காவது தடவை, ஒரே அறையில் இருந்த நாலு பேரும் சேர்ந்து விட்டோம். அந்தக் காசை ஒரு டப்பாவில் போட்டோம். ஒரு நாளைக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 10,950 ரூபாய். பல தோழர்களுக்கு அவ்வளவு போனஸ் வருவதில்லை.

"இத்தனை வருஷம் குடித்தாயிற்று, இனி விட்டு என்ன?" என்பது தப்பு. இங்கிலாந்து டாக்டர்களை 50 வருஷம் கவனித்துப் பார்த்து 2004-இல் கணக்குச் சொன்னார்கள்: 30 வயதில் விட்டால் இழக்க இருந்த 10 வருஷமும் திரும்பக் கிடைக்கிறது. 40-இல் விட்டால் 9, 50-இல் விட்டால் 6, 60-இல் விட்டால்கூட 3 வருஷம். உதவிக்குச் சர்க்கார் டெலிபோன் நம்பர் ஒன்று இருக்கிறது, காசு கிடையாது: 1800-11-2356.

இந்த ஜில்லா சுகாதார விஷயத்தில் அனாதை ஜில்லா அல்ல. வீடு தேடி வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மருந்து கொடுக்கிற "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, நம் சூளகிரிப் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான் ஆரம்பித்தது. 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கிறவன் பீடியும் குடித்தால் மாரடைப்பு வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். வீடு தேடி வருகிற அந்த ஊழியரிடம் பீடி விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் காசு இல்லை. மருந்தும் 6 மாதம் முழுவதும் இலவசம், பாதியில் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். பந்தல் வாசலில் நம் தோழர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இருமல் இருக்கிறவர்கள், ஒடியாத் தம்பிகளும் சேர்த்து, பெயரும் ஷிப்டு நேரமும் மட்டும் எழுதிவிட்டுப் போங்கள். கம்பெனிப் பெயர் எழுத வேண்டாம். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயப்படுகிறவர்களோடு வியாழக்கிழமை காலை நான் வருகிறேன். ஷிப்டு முடித்தவர்கள் 8 மணிக்கு இதே செக்போஸ்டு பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள்.

(கைதட்டல்)